ஏழடித் தண்ணீர்

கோவிந்தராஜுக்கு நீந்தத் தெரியாது. இருபது வருஷம் தண்ணீரைப் பார்த்தே சம்பளம் வாங்கியவர் என்பதால், இதைக் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அறந்தாங்கிக்கு மேற்கே, ஐப்பசியில் நிரம்பி மாசியில் வெடித்துப்போகும் ஒரு கண்மாயைத் தவிர வேறு நீரை அறியாமல் வளர்ந்தவர். 1955-இல் மெட்ராஸில் கப்பலேறி, நான்கு நாளும் வாந்தி எடுத்து, போர்ட் பிளேரில் இறங்கியபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. கட்டுமான ஆபீஸில் கலாசி வேலை. சங்கிலி பிடிப்பது, முளை அடிப்பது, ஓவர்சியர் கை காட்டும் இடத்தில் சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்போடு முழங்கால் சேற்றில் நிற்பது. எல்லாம் தினக்கூலி மாதிரிதான். பர்மனென்ட் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அவரை ஜங்லிகாட்டில், நாலா கடலைச் சேரும் இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நாலா என்பது ஊருக்குள்ளிருந்து வரும் கால்வாய். மழை பெய்தால் சாக்கடை, கடல் ஏறினால் காயல். பஜார் பக்கத்தில் மட்டும் அதற்குக் கல்லால் கரை கட்டி, கரைமேல் நடைபாதை போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஆபீஸர்கள் குடும்பத்தோடு நடப்பார்கள். அந்த நடைபாதை இருநூறு கஜம் வந்து சட்டென்று நின்றுவிடும். அதற்கப்பால் சேறு, அலையாத்தி மரங்கள், ஒரு படகுத்துறை. காட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்தத் துறையில் பத்தடி உயரத்துக்கு ஒரு மரக்கம்பம் நட்டு, அடிக்கணக்கில் கோடு போட்டு, ஒன்று முதல் பத்து வரை எண் எழுதியிருந்தார்கள். தண்ணீர் எத்தனையாவது கோட்டைத் தொடுகிறது என்று மணிக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டுகள் மாதாமாதம் ஆபீஸுக்குப் போயின. அங்கே அவற்றை யாராவது பிரித்துப் பார்த்தார்களா என்பது கோவிந்தராஜுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

துறைக்கு நேர் எதிரே ஜெய்னுதீனின் கடை இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர். அரிசி, மண்ணெண்ணெய், கயிறு, தார், பீடி, டீ. முதல் நாளே கடைக்குள்ளிருந்து கேள்வி வந்தது.

“ஊரு எது?”

“அறந்தாங்கிப் பக்கம்.”

“நமக்குத் தொண்டி. நடுவுல முப்பது மைலு. இம்புட்டுக் கடலத் தாண்டி வந்து பக்கத்து ஊர்க்காரனா வந்து நிக்கிறியே மாப்ள! உள்ள வா. டீ குடி.”

மாப்ள என்று அன்றைக்குத் தொடங்கியதுதான். கோவிந்தராஜ் அவரைப் பாய் என்பார். ஜெய்னுதீனின் மனைவி மெஹர்பானு கோவிந்தராஜை அண்ணே என்றாள். போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் ஒற்றை அறை எடுத்து, சந்திரமதியைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தபோது, அவளுக்கு முதல் மீன் குழம்பு கொடுத்தனுப்பியதும் மெஹர்பானுதான்.

அந்தத் துறை வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். எதிர்க்கரைக் கிராமங்களிலிருந்து தேங்காயும் பாக்கும் மூங்கிலும் நெல்லும் ஏற்றிய பெரிய டுங்கிகள் வரும். டுங்கி என்பது அங்கே படகுக்குப் பெயர். காலி டுங்கி எந்தத் தண்ணீரிலும் வந்துவிடும். சுமை ஏற்றிய டுங்கி கம்பத்தில் ஏழடித் தண்ணீர் இருந்தால்தான் நாலாவுக்குள் நுழைய முடியும். அவசரப்பட்டு நுழைந்தால் பாதியில் சேற்றில் உட்கார்ந்துவிடும். ஆனால் தண்ணீர் தினமும் ஏழடி ஏறுவதில்லை. அமாவாசையை ஒட்டி நாலைந்து நாள், பௌர்ணமியை ஒட்டி நாலைந்து நாள், அவ்வளவுதான். நடுவில் அட்டமி நவமி வாக்கில் ஐந்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

அதனால் அந்த நாட்களில் டுங்கிகள் நாலாவின் வாய்முகத்துக்கு வெளியே, அலையாத்தி வளைவுக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் காத்திருக்கும். வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள் என்று எல்லா ஆட்களும் இருப்பார்கள். “பானி கித்னா?”, தண்ணீர் எவ்வளவு என்று ஒருவன் மாற்றி ஒருவன் கத்துவான். கோவிந்தராஜ் கம்பத்தருகே நின்று, தண்ணீர் கோட்டைத் தொட்டதும், “ஸாத்!” என்று கூவுவார். ஏழு. அவர் குரல் வளைவைத் தாண்டாது. அதற்காக ஜெய்னுதீன் கடைக் கூரைமேல் ஒரு நீள மூங்கில் நட்டு, கயிறு கட்டி, சிவப்புத் துணியை ஏற்றுவார். துணி ஏறியதைப் பார்த்ததும் டுங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரும். இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கி, வாங்கி, டீ குடித்து, வைதுகொண்டு, தண்ணீர் வடியுமுன் வெளியேறிவிட வேண்டும். கோவிந்தராஜ் இந்த டுங்கியை நகர்த்து, அந்த டுங்கியைக் கட்டு என்று ஓடிக்கொண்டே இருப்பார். இதற்கு யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. கம்பத்தின் எண் சர்க்காருடையது. அதை உரக்கச் சொன்னது மட்டும் அவருடையது.

ஒன்பது வருஷம் இப்படி ஓடியது.

1966 பிப்ரவரியில், ஓவர்சியர் ராஜமாணிக்கம் சுருட்டிய பிளானோடு துறைக்கு வந்தார். மதுரைக்காரர். நல்ல மனிதர், ஆனால் வெயிலில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கமாட்டார்.

“கோவிந்தராஜ், நடைபாதைய வாய்முகம் வரைக்கும் இழுக்கப் போறோம். ரெண்டு ஃபர்லாங். சேத்தையெல்லாம் மூடி, விளக்கு, சிமெண்டு பெஞ்சு, பூச்செடி. மெரினா தோத்துப்போயிடும் பாத்துக்க.”

“நல்லது சார். அப்ப காட்டு?”

“அதத்தான் மேல கேட்டிருக்காங்க. படகு நெறைய வருதுன்னா சுவத்துல பன்னண்டடி திறப்பு விட்டுப் படி கட்டணும். வரலேன்னா நேர் சுவர். தெனம் அஞ்சாறு படகாச்சும் வரணும்ங்கறாங்க. நீ நாலு நாள் உக்காந்து எண்ணி எழுதிக் குடு.”

“எந்த நாலு நாள் சார்?”

“எதுவா இருந்தா என்னய்யா? மாசக் கடைசிக்குள்ள குடு.” குடையை விரித்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

கோவிந்தராஜுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். படி வரப்போகிறது. சேற்றில் பலகை போட்டு மூட்டை சுமக்கும் கஷ்டம் தீரப்போகிறது. பாயிடம் இப்போது சொல்ல வேண்டாம், கல் வந்து இறங்கும்போது தானாகத் தெரியட்டும் என்று வைத்துக்கொண்டார். படகு வராமல் போகும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. வருகிற படகுகளோடு மல்லுக்கட்டியே அவருக்குப் பொழுது போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் சந்திரமதி காலண்டரைப் பார்த்தாள்.

“இன்னிக்கு அட்டமி. நாளைக்கு நவமி. சர்க்கார் காயிதமா இருந்தாலும் புதுக் காரியம் புதுக் காரியந்தானே. தசமில ஆரம்பிங்க.”

“அதுக்கு அப்பறம் அமாவாசை வந்துரும்ல. அன்னிக்கு ஒக்காந்து எழுத நேரம் ஏது? கத்துறதுக்கே தொண்ட பத்தாது.”

“அதான் சொல்றேன். தசமிலேருந்து நாலு நாளு. சும்மாதானே இருப்பீங்க.” பிறகு தணிந்த குரலில் கேட்டாள். “பர்மனென்ட் பத்தி ஏதும் சொன்னாரா?”

“இன்னும் இல்ல.”

இப்படித்தான் அந்த நாட்கள் அமைந்தன. படகு வரும் நாளில் எண்ண அவருக்குக் கை ஒழியாது. கை ஒழிந்த நாளில் எண்ணினார்.

பதினைந்தாம் தேதி காலை கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய டுங்கியின்மேல் நோட்டோடு உட்கார்ந்தார். மெஹர்பானு கடைக்குள்ளிருந்து டீ அனுப்பினாள். அதைக் கொண்டுவந்து கொடுத்த ஜெய்னுதீன் நோட்டை எட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, மூஞ்சி பொஸ்தகத்துக்குள்ள?”

“படகு எண்றேன் பாய். ஆபீஸ்ல கேட்டாங்க.”

“அட்டமி கழிஞ்ச தண்ணில படகு எண்றியா? கோழிக்கூட்டுல யானைய எண்ற கதைதான். எண்ணு எண்ணு. சர்க்கார் சம்பளம் சும்மாவா குடுக்குறான்?”

இருவரும் சிரித்தார்கள். அன்று ஒரு டுங்கி வந்தது. மறுநாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டு. நான்காம் நாள் ஒன்று. நான்கு நாளும் டீ வந்தது. நான்காம் நாள் தண்ணீர் ஆறைத் தாண்டிவிட்டது. வளைவுக்கு வெளியே அதற்குள் நாலைந்து பாய் மடித்த டுங்கிகள் வந்து ஒதுங்கி நின்றன. அவை நுழையாததால் அவற்றை அவர் எழுதவில்லை. எழுதச் சொன்னது வந்திறங்கும் படகைத்தானே.

பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, தண்ணீர் ஏழைத் தொட்டது. காலையில் பதினொரு டுங்கிகள் நுழைந்தன. கத்திக் கத்திக் குரல் போயிற்று. வேலை முடிந்து, கால் கழுவி, சட்டை மாற்றி, மத்தியானம் ஆபீஸுக்குப் போய்த் தாளைக் கொடுத்தார்.

ராஜமாணிக்கம் கூட்டிப் பார்த்தார். “ஒண்ணு, இல்ல, ரெண்டு, ஒண்ணு. சராசரி ஒண்ணு. இதுக்கா படி? நேர் சுவர்தான்.” பேனாவால் தாளின் அடியில் ஒரு கோடு இழுத்தார்.

அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் கோவிந்தராஜுக்கு உறைத்தது. எண்ணிய நான்கும் ஏழடி ஏறாத நாட்கள்.

“சார்...” என்றார். குரல் வெறும் காற்றாக வந்தது.

“என்னய்யா தொண்ட இப்படிக் கட்டியிருக்கு?”

காலையில் பதினொரு படகை உள்ளே கூப்பிட்ட தொண்டை சார் இது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும்.

“சளி சார்.”

“கஷாயம் குடி. அப்பறம், விஷயம் தெரியுமா? நடைபாதை முடிஞ்சா அதுக்கு ஒரு காவல் போஸ்ட் வருது. பர்மனென்ட் போஸ்ட். உன் பேரத்தான் எழுதியிருக்கேன். குவாட்டர்ஸ்கூடக் கெடைக்கும். வீட்டுல சொல்லு.”

கோவிந்தராஜ் நின்றார். மேஜைமேல் தாள் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கொடிக்கம்பம் தெரிந்தது. சொல்லலாம். சொன்னால், நான்கு நாளும் தப்பாக எண்ணியது நீதானே என்பார். பேர் எழுதிய கையே பேரை அடிக்கும். திங்கட்கிழமை பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் அமாவாசை. இருபத்து மூன்று டுங்கிகள் வந்தன. அன்றைக்கு யாரும் எண்ணச் சொல்லவில்லை, ஆனால் அவர் எண்ணினார். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனார். ராஜமாணிக்கம் வடக்கே மாயாபந்தர் கேம்புக்குப் போயிருந்தார். திரும்ப மூன்று வாரம் ஆகும் என்றார்கள். தாள் மேலே போய்விட்டது. அவர் திரும்பி வந்தபோது, இனிச் சொல்லி என்ன என்று தோன்றிவிட்டது. சொல்லாமல் விட்டதற்கு மனிதன் காரணம் தேட வேண்டியதே இல்லை. காரணம் தானாக வந்து வாசலில் நிற்கும்.

அந்த வருஷக் கடைசியில் கல் இறங்கியது. சுவர் பஜார் பக்கத்திலிருந்து மெல்ல வளர்ந்து துறையை நோக்கி வந்தது. எங்கேயும் திறப்புக்கு அடையாளம் இல்லாததைப் பார்த்து ஜெய்னுதீன் மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி பிளானைக் காட்டினான். அன்று மாலையே ஜெய்னுதீன் ஒரு மனு எழுதவைத்தார். முப்பது படகுக்காரர்களின் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார். கடைசியில் கோவிந்தராஜிடம் வந்தார்.

“தண்ணி பாக்குற ஆளு நீ. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் எத்தன படகு வருதுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு மாப்ள. எங்க முப்பது பேரு கைநாட்டு ஒரு பக்கம், ஒன்னோட ஒரு வரி ஒரு பக்கம்.”

“சர்க்கார் ஆளு மனுவுல கையெழுத்துப் போடக்கூடாது பாய்.”

“அப்படியா?”

“ரூல் அப்படி.”

“சரி, ஒனக்குக் கெடுதல் வரவேணாம்.” ஜெய்னுதீன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அது உண்மையிலேயே ரூல்தான். அதனாலேயே சொல்லிவிட முடிந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு பக்கம். எட்டாவது வரை படித்த கோவிந்தராஜுக்கு எழுத்துக்கூட்டிப் பொருள் சொல்ல வரும் என்பதால், ஜெய்னுதீன் அதை அவரிடமே கொண்டுவந்தார். கடைக்குள் அரிசி மூட்டைமேல் இருவரும் உட்கார்ந்தார்கள். மெஹர்பானு அடுப்பருகே நின்றாள். மகள் அஸ்மா பாடப் புத்தகத்தோடு மூலையில் இருந்தாள்.

கோவிந்தராஜ் படித்தார். மனு கிடைத்தது. பரிசீலிக்கப்பட்டது. மேற்படி துறையில் பிப்ரவரி பதினைந்து முதல் பதினெட்டு வரை நேரடியாகக் கணக்கு எடுத்ததில், நாளொன்றுக்குச் சராசரி ஒரு படகே வந்தது. ஆகவே திறப்பு அவசியமில்லை.

ஜெய்னுதீன் விரல் மடக்கிக் கொண்டிருந்தார். பிறை பார்த்தே மாதத்தைக் கணக்கிடும் மனிதர். ஒரு வருஷத்துக்கு முந்தைய தேதி என்றாலும் அவருக்குச் சிரமமில்லை.

“அது தேய்பிற. தசமிலேருந்து நாலு நாளு,” என்றார். பிறகு கேட்டார். “எண்ணுனது யாரு?”

கோவிந்தராஜின் கண் தாளிலேயே இருந்தது.

“ஆபீஸ்ல யாரோ வந்திருப்பாங்க பாய். பேரு போடல.”

அடுப்பில் டீக் கெட்டில் கொதித்து வழிந்தது. மெஹர்பானு அதை இறக்கவில்லை. நான்கு நாளும் அந்தக் கெட்டிலிலிருந்துதான் டம்ளர் போயிற்று. அதைக் கவிழ்ந்த டுங்கிமேல் நோட்டோடு உட்கார்ந்திருந்தவர் கையில் கொடுத்தது ஜெய்னுதீன்தான்.

ஜெய்னுதீன் கையை நீட்டித் தாளை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார்.

“சரி. யாரோ வந்திருப்பாங்க.” மனைவி பக்கம் திரும்பாமலே சொன்னார். “கோவிந்தராஜுக்கு ஒரு டீ குடு.”

அன்றைக்குப் பிறகு அவர் மாப்ள என்று கூப்பிடவில்லை. கோவிந்தராஜு என்பார், வாங்க என்பார், டீ கொடுப்பார். ஒரு வசவு, ஒரு கோபப் பார்வை கிடையாது. அதைப்போல வேறு எதுவும் கோவிந்தராஜை அவ்வளவு உலுக்கியிருக்காது. வைதிருந்தால் காலில் விழுந்திருப்பார்.

1968-இல் சுவர் வாய்முகத்தைத் தொட்டது. சேற்றை மண் போட்டு மூடினார்கள். கம்பத்தைப் பிடுங்கிக் கிடங்கில் போட்டார்கள். விளக்குத் தூண், பெஞ்சு, பாதாம் கன்று எல்லாம் வந்தன. சொல்லப்போனால் அழகாகத்தான் இருந்தது. மாலையில் குழந்தைகள் ஓடின. சந்திரமதிகூட ஒருநாள் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்து கடைசிவரை நடந்துவிட்டு, “இந்த ஊருல காலு சேறு படாம இவ்வளவு தூரம் நடந்தது இன்னிக்குத்தான்” என்றாள். கோவிந்தராஜுக்குக் காக்கிச் சட்டை, விசில், பர்மனென்ட் ஆர்டர், குவாட்டர்ஸ். பூச்செடியை ஆடு மேயாமல் பார்க்க வேண்டும். சுவரில் யாரும் படகு கட்டாமல் பார்க்க வேண்டும்.

முதல் அமாவாசைக்கு டுங்கிகள் பழக்கத்தில் வந்தன. சுவரின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு வங்காளி மேலே கத்தினான், “பாயி, பானி கித்னா?” கோவிந்தராஜ் கம்பம் இருந்த இடத்தைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. டுங்கிகள் திரும்பி வேறு துறைக்குப் போயின. சில மாதங்களில் வருவதே நின்றது.

படகில்லாத துறையில் கயிறும் தாரும் யாருக்கு வேண்டும்? ஜெய்னுதீன் நடக்க வருபவர்களுக்குக் கடலை வறுத்துப் பார்த்தார், சோடா வைத்துப் பார்த்தார். நடைபாதை ஓரத்தில் தகரக் கடை அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ எழுதிப் போட்டார்கள். மூன்று வருஷம் தாக்குப்பிடித்தார். அப்போது லிட்டில் அந்தமானில் புதுக் குடியேற்றம் நடந்துகொண்டிருந்தது. ஹட் பேயில் கடை வைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, 1971 ஜனவரியில் கிளம்பினார்.

பெரிய சாமான்கள் லாரியில் ஜெட்டிக்குப் போய்விட்டன. ஆனால் ஜெய்னுதீன் லாரியில் ஏறவில்லை. பௌர்ணமி காலை, ஒரு பழைய டுங்கிக்காரனை நாலாவுக்குள் வரச்சொல்லியிருந்தார். காவல் நடையில் இருந்த கோவிந்தராஜிடம் வந்தார்.

“இந்த எடத்துக்குத் தண்ணி வழியா வந்தேன். தண்ணி வழியாத்தான் போவேன். இந்தத் தகரப்பொட்டி, அந்த மூங்கி, நாங்க மூணு பேரு. சுவத்துலேருந்து எறக்கணும். ஊதுறதா இருந்தா ஊதிக்க.”

கோவிந்தராஜ் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். வீட்டிலிருந்து கிணற்றுக் கயிறு கொண்டுவந்தார். பெட்டியைக் கட்டி இருவரும் பிடித்தார்கள். கயிறு உள்ளங்கையில் ஓடிக்கொண்டிருந்தபோது, நான்கு வருஷமாக நெஞ்சில் கிடந்தது மேலே வந்தது.

“பாய், அந்தக் கடுதாசி படிச்சோமே, அன்னிக்கு நான்...”

“தண்ணி நிக்கிறது கா மணி நேரம்,” என்றார் ஜெய்னுதீன். “பேச்ச விடு. பொட்டி சாயுது, ஒம் பக்கம் தளத்து.”

பெட்டி இறங்கியது. மூங்கில் இறங்கியது. மெஹர்பானுவும் அஸ்மாவும் கயிற்று ஏணியில் இறங்கினார்கள். “அண்ணிகிட்ட சொல்லிட்டு வரமுடியல, சொல்லிருங்க அண்ணே,” என்றாள் மெஹர்பானு. கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. கடைசியாக ஜெய்னுதீன் இறங்கினார். டுங்கியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“எத்தன மாப்ள?”

கம்பம் இல்லை. ஆனால் சுவரின் மேலிருந்து மூன்றாவது கல்வரிசை நனைந்தால் ஏழு என்று கோவிந்தராஜ் எப்போதோ கணக்குப் பண்ணி வைத்திருந்தார். யாருக்கும் வேண்டாத கணக்கு. குனிந்து பார்த்தார்.

“ஸாத்.”

“கேக்கல.”

“ஸாத்!” நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டுங்கி வளைவைத் தாண்டும்வரை அவர் அங்கேயே நின்றார். அந்த ஒரு மாப்ளவை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு எத்தனையோ நாள் ஓட்டினார். ஆனால் மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

ஹட் பேயிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. லீவ் போட்டுக் குடும்பத்தோடு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தார். கோவிந்தராஜ் இரண்டு தடவையும் கப்பல் தேதி விசாரித்தார். போனால் பேச வேண்டிவரும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதினார்.

1974-இல் நடைபாதையை இன்னும் நீட்டினார்கள். இந்த முறை வாய்முகத்தைச் சுற்றி அடுத்த துறைவரை. புது ஓவர்சியர் சின்ன வயசுக்காரர். படகு எண்ணச் சொன்னார். நாலு நாள் போதும் என்றார். கோவிந்தராஜ் முப்பது நாள் எண்ணினார். காலையும் மாலையும் லீவ் இல்லாமல் எண்ணி, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே திதி, தண்ணீர் எத்தனை அடி, உள்ளே வந்த படகு, வெளியே காத்திருந்த படகு என்று நான்கு பத்தி போட்டு எழுதினார்.

“இதெல்லாம் யாரு கேட்டா?” என்றார் ஓவர்சியர்.

“இருக்கட்டும் சார். மேல அனுப்புங்க. என் பேரும் போட்டு அனுப்புங்க. எண்ணுனது இன்ன ஆளுன்னு.”

அந்தத் துறையில் பன்னிரண்டடி திறப்பு விட்டுப் பதினாறு படி கட்டினார்கள். முதல் டுங்கி படியில் வந்து நின்ற நாளில் கோவிந்தராஜ் ஜெய்னுதீனுக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பக்கம் படி வந்துவிட்டது, ஏழடித் தண்ணீரில் ஐந்து படி வெளியே தெரிகிறது என்று எழுதினார். பிறகு, அந்த நாலு நாள் எண்ணியது நான்தான் பாய், உங்களிடம் பொய் சொன்னேன் என்று எழுதினார். ஏழெட்டு வருஷமாகத் தேடிய வார்த்தை ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. தபாலில் போட்டார்.

மழைக்காலம். கப்பல் ஒழுங்காகப் போகவில்லை. பதில் வர இரண்டரை மாதம் ஆயிற்று. அஸ்மா எழுதியிருந்தாள். அத்தா ஆனி மாதமே மௌத்தாகிவிட்டார்கள், காய்ச்சல், கடல் கொந்தளிப்பில் யாருக்கும் சேதி சொல்ல முடியவில்லை, உங்கள் கடிதம் அத்தாவை அடக்கம் பண்ணிப் பத்து நாள் கழித்து வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டதும் டீ போட எழுந்து போய்விட்டார்கள். இங்கே கடைக்கு முன்னால் ஓடை இருக்கிறது. அத்தா அதில் ஒரு கம்பு நட்டு, ஒன்றிலிருந்து பத்துவரை கோடு கிழித்து வைத்திருந்தார்கள். இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால், பார்க்கிற ஆள் போர்ட் பிளேரில் இருக்கிறான், லீவ் கிடைக்கவில்லை என்பார்கள்.

கோவிந்தராஜ் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனார். புதுப் படியின் மேல்வரிசையில் உட்கார்ந்தார். அன்று தண்ணீர் ஐந்துக்குமேல் ஏறவில்லை. பாசி படிந்த படிகள் கீழே நீளமாகத் தெரிந்தன. சாயங்காலம்வரை ஒரு டுங்கியும் வரவில்லை. கிளம்புமுன், யாரும் கேட்காமலே, பையிலிருந்த நோட்டை எடுத்துத் தேதியைப் போட்டார். படகு இல்லை என்று எழுதினார். கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் அட்டமி என்று எழுதினார்.